பதினாலாவது வால்

கம்பங்கதிர் பால் பிடித்துவிட்டால் தலைவர் முகாரோவின் ஊரில் பெண்களுக்கு உட்கார நேரம் இருக்காது. புல்லில் பனி காயுமுன்பே கிளம்பிப் போய், கொல்லைக்கு நடுவே கட்டிய பரணில் ஏறிக்கொண்டால் வெயில் சாயும்வரை தொண்டை கிழியக் கத்த வேண்டியதுதான். காலையில் குருவிகள். உச்சிப்பொழுதில் பபூன்கள்.

பபூன் என்றால் கிளைக்குக் கிளை தாவுகிற சில்லறைக் குரங்கு இல்லை. நாய்முகம். கடைவாய்ப் பல் ஆள் சுண்டுவிரல் நீளம். கொல்லைக்கு மேலே வழுவழுவென்று நிற்கிற கருங்கல் மலையின் இடுக்குகளிலிருந்து முப்பது நாற்பதாக இறங்கி வரும். பெண் கத்தினால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தின்னும். ஆண்குரல் கேட்டால் கொஞ்சம் யோசிக்கும். நாய் குரைத்தால்தான் ஓடும்.

"இந்தா, உங்க பங்காளிக எறங்கிட்டாங்க. போயி நலம் விசாரிச்சுட்டு வாங்க" என்று பரணிலிருந்து நெத்சாய் கூவுவாள். அவள் கணவன் சிகோமோ குரங்குக் குலத்தான். அந்தக் குலத்தில் குரங்குக் கறி தொடக் கூடாது.

"பங்காளி வந்தா பந்தி போடணும். உங்கப்பன் கொல்லைக்கு வழி காட்டி விடு" என்று அவன் கீழேயிருந்து சொல்லிவிட்டு நாயை அவிழ்த்து விடுவான்.

செவலை நாய். ஒட்டின வயிறு, பாதி கிழிந்த இடது காது, முதுகில் மயிர் எதிர்ப்பக்கமாகப் படிந்து ஒரு கோடு. கொல்லையைக் காத்தது அதுதான். பாறை முயலை இடுக்கிலிருந்து விரட்டி வெளியே கொண்டுவந்து சட்டிக்குக் கறி கொடுத்ததும் அதுதான். நெத்சாயின் மகள் சூவா தவழ்ந்த காலத்தில் பிள்ளை மலம் கழித்தால் தண்ணீர் தேடிப் போக வேண்டியதில்லை. நாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். இப்போது சூவாவுக்கு மூன்று வயது. நாயின் கிழிந்த காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்.

நாயின் பெயர் முச்சனேத்தா. 'களைச்சுப் போறது நீங்களாத்தான் இருப்பீங்க' என்று அர்த்தம். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை நாய்க்குப் பேராக வைத்து வாசலில் நின்று உரக்கக் கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். சிகோமோ சொல்ல நினைத்தது அவன் அண்ணன் முகாரோவுக்கு.

வெள்ளைக்காரனோடு நடந்த போர் தோற்றதும் ஊர் ஊராகத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். சிகோமோ அப்பன் விட்டுப்போன துப்பாக்கியைக் கொடுக்காமல் தானியக் குலுக்கைக்கு அடியில் கல்லைப் பெயர்த்துப் புதைத்து வைத்தான். மூன்றாம் மாதம் போலீஸ் வந்தது. வேறெங்கும் தேடவில்லை. நேரே அந்தக் கல்லைப் புரட்டித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனது. அடுத்த மழைக்கு முன்னால் துரை முகாரோவை ஊர்த்தலைவராக்கி, கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பித்தளை வில்லையும் கொடுத்தார். யார் காட்டிக் கொடுத்தது என்று யாரும் சிகோமோவிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. நாய்க்குட்டி வாங்கிப் பேர் வைத்தான்.

முகாரோவும் சும்மா இருக்கவில்லை. ஒரு கருப்பு நாயைக் கொண்டுவந்து திச்சாவோனா என்று பேரிட்டார். 'பார்க்கத்தானே போறோம்.'

இரண்டு வாசலுக்கும் கூப்பிடு தூரம். சாயங்காலம் நாய்க்குக் களி போடும் நேரத்தில் இங்கேயிருந்து ஒரு குரல் "களைச்சுப் போவீங்க" என்று கூப்பிடும். அங்கேயிருந்து ஒரு குரல் "பார்க்கத்தானே போறோம்" என்று கூப்பிடும். நாய்கள் இரண்டும் நடுவில் ஒன்றை ஒன்று முகர்ந்துகொண்டு விளையாடும். ஆறு அறுவடையாக அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

கதிர் பால் பிடிக்க ஒரு மாதம் இருக்கும்போது ஒன்று நடந்தது. உச்சி வெயிலில் நெத்சாய் உரலில் கேழ்வரகு இடித்துக்கொண்டிருந்தாள். ஒரு குள்ளநரி வேலித் திறப்பு வழியாக வந்தது, தன் வீட்டுக்கு வருகிற மாதிரி. அவள் கத்தினாள். அது திரும்பிப் பார்க்கவில்லை. வாயோரம் நுரை. நேரே சூவா உட்கார்ந்திருந்த பாயை நோக்கி நடந்தது. முச்சனேத்தா பாய்ந்து அதன் கழுத்தைப் பிடித்துவிட்டது. நரி சாவதற்குள் நாயின் மேலுதடு கிழிந்து தொங்கியது.

"பட்டப்பகல்ல நரி வீட்டுக்குள்ள வரலாமா?" என்றாள் நெத்சாய். அவள் கை இன்னும் உலக்கையை விடவில்லை.

சிகோமோ நரியைக் காலால் புரட்டினான். பிறகு அண்ணன் வீட்டுக் கூரையைப் பார்த்தான். "தானா வரல. யாரோ அனுப்பிருக்காங்க" என்றான். தோலை உரித்து, வாலைக் கூரைக்கு அடியில் சொருகி வைத்தான். நாயின் உதட்டுக்கு வேரை அரைத்துப் பூசினான். பத்து நாளில் ஆறிவிட்டது.

பிறகுதான் ஆணை வந்தது.

துரையின் சேவகன் நியமுந்தா துப்பாக்கி வைத்த இரண்டு போலீஸோடு வந்து மரத்தடியில் நின்றான். ஊர் கூடியது. பெண்கள் பின்னால் நின்றார்கள்.

"மேற்கே ஒரு நோய் வந்திருக்கு. நாய்க்கு வருது. அந்த நாய் கடிச்சா மனுசனுக்கு வருது, மாட்டுக்கு வருது" என்று நியமுந்தா ஒப்பித்தான். "நாய்க்கு மொதல்ல கொரல் மாறும். அப்புறம் தின்னாது. கட்டையக் கடிக்கும், கல்லக் கடிக்கும். தண்ணிய விழுங்க முடியாது. அதுக்கப்புறம் எதுத்தாப்புல வர்றத எல்லாம் கடிக்கும். அதனால பௌர்ணமிக்குள்ள ஊர் நாயெல்லாம் கொன்னுரணும். வால வெட்டித் தலைவர்கிட்டக் குடுக்கணும். இந்த ஊருக்குப் பதினாலு நாய்னு எழுதிருக்கு. பதினாலு வால்."

"வெள்ளைக்காரங்க நாய்?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"அதுக்கு வாயில கூடை மாட்டிருவாங்க."

"அந்தக் கூடையில பதினாலு குடுத்தா நாங்களும் மாட்டிக்கிடுவோம்ல?"

நியமுந்தா தன் காலைப் பார்த்தான். "எனக்குச் சொன்னதச் சொல்றேன், பெரியவரே."

"மொதல்ல துப்பாக்கிய வாங்குனாங்க" என்றான் கூட்டத்தில் ஒருவன். "இப்ப நாய். கறி கெடையாது, கொல்லையும் பபூனுக்கு. அப்புறம் கஞ்சிக்கு என்ன செய்வோம்? அவங்க சுரங்கத்துலதான் போயி நிப்போம்."

"இங்க ஒருத்தர் வீட்டு நாயாவது அப்பிடி நோய் கண்டிருக்கா?" என்று இன்னொருவன் கேட்டான். ஒருவரும் கண்டதில்லை. நோயே பொய் என்று ஊர் முடிவுகட்டியது. நெத்சாயும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் நியமுந்தா ஒவ்வொன்றாகச் சொன்னது அவள் காதில் ஒட்டிக்கொண்டது.

முகாரோ முதலில் தன் நாயைத்தான் கொன்றார். ஊர் பார்க்கவேண்டும் என்று மரத்தடிக்கே கொண்டுவந்து, உலக்கையால் ஒரே அடி. அதற்குப் பிறகு மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு எந்த வீட்டிலும் களி கிண்டவில்லை.

சிகோமோ நாயைக் கயிற்றில் கட்டி மலைக்குக் கூட்டிப்போனான். கொஞ்ச நேரம் கழித்துத் தனியாக இறங்கி வந்தான். கையில் வால். நரியின் வாலை நெருப்பில் காட்டி மயிரைப் பொசுக்கிச் சாம்பல் தேய்த்திருந்தான். அதை அண்ணன் முன்னால் இருந்த கூடையில் போட்டான்.

முகாரோ வாலைக் கையில் எடுத்தார். புரட்டிப் பார்த்தார். தம்பி முகத்தைப் பார்த்தார். பிறகு மற்ற பதிமூன்றோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சிகோமோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றான்.

"தெரிஞ்சா கேட்டிருக்க மாட்டாரா?"

"கேட்டிருந்தா நான் பயப்பட மாட்டேன் புள்ள. கேக்கல. வச்சிருந்து ஒரு நாள் கழுத்தறுப்பான்."

மலையில் பாதி ஏற்றத்தில் பாறை பிளந்து ஒரு குகை. போர்க்காலத்தில் பெண்களும் பிள்ளைகளும் ஒளிந்திருந்த இடம். நாயை அங்கே மரப்பட்டைக் கயிற்றால் கட்டி வைத்தான். விறகு பொறுக்கப் போகிறவள் மாதிரி நெத்சாய் ஒருநாள் விட்டு ஒருநாள் களியும் தண்ணீரும் கொண்டு போனாள். முதல் ஐந்தாறு நாள் அவள் காலடி கேட்டதும் அது முனகி வாலை ஆட்டும். சட்டியை நக்கித் துடைத்து வைக்கும்.

ஒருநாள் மேலே ஏறும்போதே அதன் குரல் கேட்டது. முச்சனேத்தாவின் குரல் என்றே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. குரைப்பாகத் தொடங்கி ஊளையாக முடிந்தது, தொண்டையில் எதையோ வைத்துக்கொண்டு கத்துகிற மாதிரி. முன்னால் கொண்டுவந்த களி அப்படியே காய்ந்து கிடந்தது. தண்ணீரைக் காட்டினாள். நாய் வாயைக் கொண்டுவந்தது. கழுத்து வெட்டி வெட்டி இழுத்தது. விழுங்காமல் பின்வாங்கிவிட்டது. கட்டியிருந்த வேர்க்கட்டையில் பல் பல்லாகக் கடித்த தடம்.

அவள் ஓடிவந்து சிகோமோவிடம் சொன்னாள்.

"கட்டிப் போட்டா எந்த நாய்க்குத்தான் கொரல் மாறாது?" என்றான் அவன். "ஒன்னக் கட்டிப் போட்டா நீ பாட்டா பாடுவ?"

"தண்ணி எறங்கல. நான் பாத்தேன்."

"எலும்பு மாட்டிருக்கும்."

"யாரு போட்டா எலும்பு? நான் களிதான கொண்டு போனேன்."

"எலி கிலி புடிச்சுத் தின்னுருக்கும். நீயும் அந்தச் சேவகன் பேச்ச நம்பிட்டியா? பொய்யச் சொல்லி நாயக் கொன்னாங்க. அந்தப் பொய்ய நீ என் வீட்டுக்குள்ள கொண்டு வராத."

"அந்த நரி..."

"நரிய அனுப்புனது யாருன்னு எனக்குத் தெரியும்."

அன்று மதியம் அவனே போனான். அவளும் பின்னால் போனாள். அவன் நாயை மடியில் சாய்த்து, வாயைத் திறந்து, கையை உள்ளே விட்டு எலும்பைத் தேடினான். நாய் கடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எச்சில் வழியப் பொறுத்திருந்தது. கையை எடுத்தபோது நடுவிரல் முட்டியில் பல் கீறி ரத்தம் துளிர்த்தது. புல்லில் துடைத்தான்.

"எலும்பு இல்ல" என்றாள் அவள்.

"உள்ள போயிருச்சு." எழுந்து கீழே கொல்லையைப் பார்த்தான். வடக்கு மூலையில் கதிர் எல்லாம் முறிந்து கிடந்தது. ஊரில் ஒரு குரைப்பு இல்லை என்று பபூன்களுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது அவை காலையிலேயே இறங்கிவிடுகின்றன. "நாளான்னிக்கு இதக் கீழ கூட்டிட்டு வாரேன். பரணுக்கு அடியில கட்டி வைக்கிறேன். வெயிலும் ஆளும் பட்டாச் சரியாயிரும். போலீஸு வந்தா வரட்டும்."

பரணுக்கு அடியில்தான் சூவா பகலெல்லாம் விளையாடுவாள்.

மறுநாள் காலையில் நெத்சாய் கோடாரியை விறகுக் கயிற்றுக்குள் மறைத்துக்கொண்டு மலை ஏறினாள். குகை வாசலில் நின்றாள். நாய் படுத்திருந்தது. கயிறு முக்கால்வாசி அறுந்து நாராகத் தொங்கியது. அவளைப் பார்த்ததும் எழ முடியாமல் எழுந்து, வாலை இரண்டு தரம் ஆட்டியது. தாடை தொங்கிப்போயிருந்தது. அவள் கோடாரியைத் தூக்கினாள். கை மேலே போனது, கீழே வரவில்லை. நாய் அவளைப் பார்த்துக்கொண்டே திரும்பவும் படுத்துக்கொண்டது.

அவள் இறங்கி வந்து பரண் ஏறினாள். முகாரோவிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். அந்த வாசலை மிதித்தாலே சிகோமோ காதுக்கு எட்டிவிடும். ஓரகத்தி மாய்தெயிடம் சொன்னால் அது முகாரோவிடம் சொன்ன மாதிரிதான். பக்கத்து ஊருக்கு வரி எழுதப் போன நியமுந்தா அந்த வழியாகத் தனியாகத் திரும்பி வருவதை அப்போதுதான் பார்த்தாள். அவன் அவள் பிறந்த குலம். இருதயக் குலம். அண்ணன் முறை வேண்டும்.

அவள் இறங்கிப் போய் வழியில் முழங்காலிட்டுக் கை தட்டி வணங்கினாள்.

"என்ன தங்கச்சி, கண்ணு உள்ள போயிருக்கு?"

"அண்ணே, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். ஒருத்தர் ஒரு நாய ஒளிச்சு வச்சிருந்தா..."

"எந்த ஒருத்தர்?"

அவள் மலையைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

"கொரல் மாறிருச்சா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"தண்ணி எறங்கல."

நியமுந்தா தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். "யாரையும் கடிச்சுதா?"

"கடிக்கல. எலும்பு இருக்கான்னு கையை விட்டாரு. பல்லு கீறிருச்சு."

அவன் வழியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "மேற்க ரெண்டு ஆளப் பாத்தேன் தங்கச்சி. கேக்காத. மூணு நிலாவுக்குள்ள வரும். தண்ணி குடிக்க முடியாம தொண்ட இழுக்கும், அதுதான் மொத அடையாளம். மூணு நிலா தாண்டிட்டா பயமில்ல. வைத்தியம் கெடையாது. அவருகிட்டச் சொல்லாத. சொன்னா அந்தப் பயத்துலயே பாதி செத்துருவாரு."

"பெரியத்தான் மேல கை வைக்கக் கூடாது அண்ணே. இவரு மேலயும்."

"என்னால ஆனதப் பாக்கேன்" என்றான் அவன்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் போலீஸ் வந்தது. ஒரு குடிசையையும் தேடாமல் நேரே மலை ஏறியது. இரண்டு வெடிச்சத்தம். பாறைக்குப் பாறை எதிரொலித்தது. சூவா பரண்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாயை மேலேயே விறகு போட்டு எரித்தார்கள். சிகோமோவின் கையைப் பின்னால் கட்டிக் கூட்டிப் போனார்கள். முகாரோவை மரத்தடியில் நிறுத்தி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். தலைவரை ஏமாற்றிவிட்டார்கள் என்று நியமுந்தா துரையிடம் சொல்லியிருந்தான். அவனால் ஆனது அவ்வளவுதான்.

சிகோமோ இரண்டு நாள் கழித்து நடந்து வந்தான். முதுகில் பதினைந்து சவுக்கடித் தழும்பு. குப்புறப் படுத்துக்கொண்டான். நெத்சாய் நிலக்கடலை எண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்துத் தடவினாள். விரலில் கீறலைத் தேடினாள். பொருக்குத் தட்டியிருந்தது.

"நேரா ஏறிப் போனாங்க" என்றான் அவன் தரையைப் பார்த்துக்கொண்டே. "அன்னிக்குக் குலுக்கைக்கு நேரா வந்தாங்கள்ல, அதே மாதிரி. எனக்குப் பதினஞ்சு, அவனுக்கு ஒண்ணுகூட இல்ல. ஏன் இல்ல?"

அவள் எண்ணெய் தொட்டுக்கொண்டாள்.

"அவன் பொண்டாட்டி அதுக்கு மொத நாள் மலையடியில காளான் பொறுக்கிட்டு இருந்தா. நானே பாத்தேன். மோப்பம் புடிக்கப் போயிருக்கா."

"காளான் முளைச்சா பொறுக்கத்தான செய்வாங்க."

"நீ யாரு பக்கம்?"

எழுந்து உட்கார முடிந்த மூன்றாம் நாள் அவன் ஆம்பிளைகள் கூடும் நெருப்படிக்குப் போனான். பதினோரு பேர் இருந்தார்கள். முகாரோ வழக்கமான தன் கல்லில் உட்கார்ந்திருந்தார். சிகோமோ உட்காராமல் நின்றான். வேலிக்கு இந்தப் பக்கம் பெண்கள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சுளகாக நின்றது.

"ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் குறிகாரன நாளைக்கு வரச் சொல்லிருக்கேன்" என்றான். "குறிக்கட்டைய உருட்டட்டும். யாரு பேரு விழுதோ அவ இந்த ஊர்ல இருக்கக் கூடாது. நாய மட்டும் காட்டிக் குடுக்கல. பகல்ல நரிய அனுப்புனதும் அந்தக் கைதான்."

'அவ' என்று சொல்லிவிட்டான். எல்லோர் கண்ணும் வேலியைத் தாண்டி மாய்தெயிடம் போனது. சூனியக்காரி என்று ஒருமுறை கட்டை விழுந்துவிட்டால் அவளுக்கு மட்டுமில்லை, அவள் பெற்ற நாலு பிள்ளைகளுக்கும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு வாய் தண்ணீர் கிடைக்காது. மாய்தெய் சுளகைக் கீழே வைத்தாள்.

"தம்பி" என்றார் முகாரோ. ஆறு வருசத்தில் முதல் தடவை. "நாய் வாலுக்கும் நரி வாலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நெனச்சியா? கூடையில வச்சுக் கட்டுனவன் நான். துரை அதப் புரட்டிப் பாத்திருந்தா உனக்கு முன்னால என் முதுகு உரிஞ்சிருக்கும். நான் ஏன் ஒண்ணுமே கேக்கலன்னு நீ யோசிக்கலையா?"

"யோசிச்சேன். அதனாலதான் உன்மேல சந்தேகப்பட்டேன்."

நெத்சாய் எழுந்தாள். பெண்கள் கால் வைக்காத இடம் அது. வேலித் திறப்பு வழியாக உள்ளே நடந்து நெருப்புக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டாள்.

"குறிகாரன் வேண்டாம். நான்தான் சொன்னேன்."

விறகை நெருப்பில் தள்ளப் போன ஒருவர் தள்ளாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"யாருகிட்ட?" என்றான் சிகோமோ.

"நியமுந்தா அண்ணங்கிட்ட. அக்காவுக்கும் தெரியாது, பெரியத்தானுக்கும் தெரியாது. நாய்க்கு நோய் வந்திருந்துச்சு. நான் சொன்னா நீங்க கேக்கல. பரணடியில கொண்டுவந்து கட்டுவேன்னு சொன்னீங்க. அங்கதான பிள்ள விளையாடுவா. நானே வெட்டிரலாம்னு கோடாரியத் தூக்கிட்டுப் போனேன். முடியல. என்னப் பாத்து வால ஆட்டுச்சு."

சிகோமோ அவளைப் புதிதாகப் பார்ப்பவன் மாதிரி பார்த்தான். பிறகு கேட்டான்.

"துப்பாக்கியும் நீதானா?"

"அப்ப நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு ஒரு மழகூட ஆகல. குலுக்கைக்கு அடியில கல்லு இருக்குன்னே எனக்குத் தெரியாது."

"தெரியாது" என்றான். "இதுவும் தெரியாத மாதிரிதான் மூணு நாளா எண்ணெய் தேச்ச."

முகாரோ எழுந்து குறிகாரனுக்கு ஆள் அனுப்பி வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னார். மாய்தெய் வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பவும் சுளகை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள். தானியம் வெளியே தெறித்தது.

சிகோமோ நெத்சாயை அடிக்கவில்லை. பிறந்த வீட்டுக்கும் அனுப்பவில்லை. அதிகம் பேசவும் இல்லை. அறுவடை முடிந்தது. பபூன்கள் தின்றது போக மிஞ்சியதைக் கட்டிக் கொண்டுவந்து பாறைமேல் போட்டு அடித்தார்கள். குலுக்கையில் பாதிக்குமேல் ஏறவில்லை. குளிர் தொடங்கியது.

நெத்சாய் நிலாவை எண்ணினாள். தினமும் காலையில் சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு இரண்டு கையாலும் அவனுக்கு நீட்டுவாள். அவன் வாங்கிக் குடிப்பான். அவள் அவன் தொண்டையையே பார்த்திருப்பாள். முடிச்சு மேலே ஏறி, கீழே இறங்கும். ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. குடுக்கை காலியானதும்தான் அவளுக்கு மூச்சு வரும். அவன் இருமினால் கை வேலை நின்றுவிடும். சூவாவைக் கூப்பிடும்போது குரல் சற்றுக் கரகரத்தால் அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது. விரலைச் சொறிகிறானா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். முதல் நிலா போனது. இரண்டாவதும் போனது.

மூன்றாவது நிலா பாதியாகத் தேய்ந்திருந்தபோது ஒருநாள் அவன் குடுக்கையைக் கையால் விலக்கினான்.

"தாகமில்ல."

மத்தியானம் நீட்டினாள். "வேண்டாம்." மறுநாள் காலையிலும் வேண்டாம் என்றான். களியை இரண்டு உருண்டை தின்றுவிட்டுக் கை கழுவிக்கொண்டு எழுந்து போனான். கை கழுவும்போது தண்ணீரைக் கண்டு விலகுகிறானா என்று பார்த்தாள். தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்து அவன் போன வழியையே பார்த்தாள். சூவா வந்து மடியில் ஏறினாள். பிள்ளையை இறுக்கிப் பிடித்ததில் அது சிணுங்கியது.

மூன்றாம் நாள் அவன் கிளம்பியதும் கொஞ்சம் விட்டுப் பின்னாலேயே போனாள். அவன் கொல்லைப் பக்கம் போகவில்லை. வளைந்து அண்ணன் வீட்டுப் பின்வாசலுக்குப் போனான். முகாரோ குலுக்கைக்குக் கூரை மாற்றிக்கொண்டிருந்தார். சிகோமோ ஏணியில் ஏறி, கேட்காமலே புல்கட்டை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தான். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. கயிற்றை இழு, அந்தப் பக்கம் தட்டு, அவ்வளவுதான்.

நெத்சாய் வேலியோரம் கவிழ்த்திருந்த உரலுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். வெயில் ஏறியது. மாய்தெய் குடுக்கையைக் கொண்டுவந்து கீழேயிருந்து நீட்டினாள். சிகோமோ வாங்கினான். தலையை அண்ணாந்து குடித்தான். கழுத்து முடிச்சு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, தண்ணீர் வாயோரம் வழிந்து மார்பை நனைத்தது. முழுதும் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான்.

நெத்சாய் முந்தித்துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணீர் நிற்கவில்லை.

மாய்தெய் குடுக்கையை நிரப்ப வந்தவள் உரலுக்குப் பின்னால் அவளைப் பார்த்துவிட்டாள். "ஏ புள்ள, திருடி மாதிரி எங்க வேலியில என்ன பண்ற?"

"தண்ணி குடிக்காருக்கா."

"மூணு நாளா இங்கதான் குடிக்காரு." மாய்தெய் ஒருமுறை ஏணியைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் குத்தவைத்தாள். "சொன்னா வருத்தப்படாத. குடிக்கும்போது நீ அவரு தொண்டையையே முழுங்குற மாதிரி பாக்குறியாமே. எதையாவது கலந்துட்டு எறங்குதான்னு பாக்குறாளோன்னு எங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டிருக்காரு."

நெத்சாய் சிரித்தாள். அழுகை நடுவில் வந்த சிரிப்பு. பிறகு நியமுந்தா சொன்னதை, விரல் கீறலை, மூன்று நிலாவை, எல்லாவற்றையும் காதோடு சொன்னாள். கேட்கக் கேட்க மாய்தெயின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"அட பாவி மகளே. இத அவருகிட்டச் சொல்லிர வேண்டியதுதான? உன்னப்போயி வெசம் வைக்கிறவன்னு நெனச்சுட்டு இருக்காரே."

"நெனச்சா நெனச்சுட்டுப் போறாரு. இன்னும் நாலு நாளு இருக்குக்கா. நிலா முழுசாத் தேயட்டும்." ஏணிமேல் நின்ற கணவனைப் பார்த்தாள். அவன் அண்ணனிடம் கயிற்றை வீசிக்கொண்டிருந்தான். நெத்சாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாய்தெயின் கையிலிருந்த குடுக்கையைப் பானைப் பக்கம் தள்ளினாள்.

"போங்க, காத்திட்டிருக்காரு. அதுவரைக்கும் நீங்க ஊத்துங்க. கொறைக்காம நெறைய ஊத்துங்க" என்றாள்.